செலவழுங்கல் பாடல்களில் உள ஒத்திகை: நனவின் பயன் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிகழவிருக்கும் செயலை மனத்துக்குள் முன்கூட்டியே நிகழ்த்திப் பார்க்கும் ஆற்றலே நனவின் முதன்மையான பயன் என்பது உளவியலிலும் நரம்பியலிலும் வலுப்பெற்றுவரும் கருத்துகளுள் ஒன்று. உயிர் பிழைத்தலுக்கு இவ்வாற்றல் எவ்வகையில் துணைபுரிகிறது என்பதைக் கிரெய்க், டோல்மன், டல்விங், டமாசியோ முதலியோரின் ஆய்வுகள்வழித் தொகுத்துரைத்து, அக்கருத்தைச் சங்க அகப்பாடல்களின் செலவழுங்கல் துறையோடு இக்கட்டுரை பொருத்திப் பார்க்கிறது. அகநானூறு 3, 5, நற்றிணை 16 ஆகிய பாடல்கள் முதன்மைச் சான்றுகளாகவும் நற்றிணை 284 ஒப்பீட்டுச் சான்றாகவும் கொள்ளப்பட்டுள்ளன. இப்பாடல்களில் தலைவனைத் தடுப்பது சுரத்தின் ஏதம் அன்று. இன்னும் நேராத பிரிவின் துன்பம் இப்போதே உணரப்படுவதே என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: நனவு, உள ஒத்திகை, செலவழுங்கல், நெஞ்சொடு கிளத்தல், பாலைத்திணை, எதிர்நோக்கு

முன்னுரை

பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன், புறப்படும் முன்னரே, தான் செல்லவிருக்கும் வழியையும் அவ்வழியில் தன் நிலையையும் வீட்டில் தலைவியின் நிலையையும் நினைந்து, தன் நெஞ்சோடு உரையாடிச் செலவைத் தவிர்க்கும் பாடல்கள் பாலைத்திணையில் பலவாக உள்ளன. இவற்றை உரையாசிரியர்கள் செலவழுங்கல் என்னும் துறையில் அடக்குவர். இப்பாடல்கள் இதுகாறும் பெரும்பாலும் காதலின் ஆழத்தைக் காட்டும் சான்றுகளாகவும் பொருளுக்கும் இன்பத்துக்கும் இடையிலான முரணைக் காட்டும் சான்றுகளாகவும் ஆராயப்பட்டுள்ளன. அவ்வாய்வுகள் கூறுவன பொருந்துவனவே. எனினும், இப்பாடல்களில் நிகழ்வது யாது என்று வினவினால், புற உலகில் எதுவும் நிகழவில்லை என்பதே விடையாகும். தலைவன் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. நிகழ்ந்தன யாவும் மனத்துக்குள் நிகழ்ந்தன. ஆயினும் ஒரு முடிவு மாறியிருக்கிறது. நிகழாத ஒன்று நிகழவிருப்பதை மாற்றும் இவ்வியல்பே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கலைச்சொற்களும் ஆய்வெல்லையும்

நனவு என்னும் சொல் பழந்தமிழில் கனவுக்கு மறுதலையாக விழிப்புநிலையைக் குறித்தது. இக்கால உளவியல் தமிழில் அது தன்னையும் உலகையும் உணர்ந்திருக்கும் நிலையைக் குறிக்கும் கலைச்சொல்லாக வழங்குகிறது. இக்கட்டுரை இரண்டாம் பொருளையே மேற்கொள்கிறது. உலகின் ஒரு சிறு மாதிரியை மனத்தில் அமைத்து, அதில் தன்னையும் ஒரு பாத்திரமாக நிறுத்தி, செயலின் விளைவைச் செய்யாமலே கண்டறியும் முறை இங்கு உள ஒத்திகை எனப்படுகிறது. மேடையேறும் முன் கூத்தர் ஒத்திகை பார்ப்பதுபோல மனமும் பார்க்கிறது என்பதே இச்சொல்லின் கருத்து.

சங்கப் புலவர்கள் இக்கால நரம்பியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அத்தகைய கூற்றுகள் அறிவியலுக்கும் பயன்படா; இலக்கியத்துக்கும் பெருமை சேர்க்கா. மனம் எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கிய ஒரு கவிதை மரபும், அதையே கருவிகள் கொண்டு ஆராயும் ஓர் அறிவியலும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு வேறுபடுகின்றன என்று காண்பதே இதன் எல்லை.

உள ஒத்திகை: கருத்தின் வளர்ச்சி

ஸ்காட்லாந்து உளவியலாளர் கென்னத் கிரெய்க் 1943-இல் வெளியிட்ட, விளக்கத்தின் இயல்பு பற்றிய நூலில் இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தார். ஓர் உயிர் புற உலகின் சிற்றுருவத்தைத் தன் தலைக்குள் கொண்டிருந்தால், பல்வேறு செயல்களை அதில் முயன்று பார்த்து, சிறந்ததைத் தேர்ந்து, எதிர்வரும் நிலைமைகளுக்கு முன்னரே ஆயத்தமாகலாம் என்பது அவர் கருத்து. தவறுகளைப் புறத்தே செய்து கற்கும் உயிர் முதல் தவற்றிலேயே மடியக்கூடும். அகத்தே செய்து கற்கும் உயிரிடத்தில் அவ்வெண்ணம் மட்டுமே மடிகிறது. மெய்யியலாளர் கார்ல் பாப்பரும் கருதுகோள்கள் நமக்குப் பதிலாக இறக்கின்றன என்னும் பொருள்பட இதனை விளக்கினார். 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ், உலகை ஒத்திகை பார்க்கும் மூளை தன்னையும் அம்மாதிரிக்குள் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு முழுமையுறும்போது நனவு தோன்றுகிறது போலும் என்று எழுதினார்.

இக்கருத்துக்கு ஆய்வுக்கூடச் சான்றுகளும் கிடைத்தன. கிளைவழியில் நிற்கும் எலி உடனே ஒருபக்கம் திரும்பாமல், இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பித் தயங்கி நிற்பதை 1930-களிலேயே உளவியலாளர்கள் கண்டனர். எலி வழியை வெறும் பழக்கமாகக் கற்பதில்லை, மனத்தில் ஒரு வரைபடமாக அமைத்துக்கொள்கிறது என்று எட்வர்ட் டோல்மன் 1948-இல் வாதிட்டார். ஜான் ஓ'கீஃப் 1971-இல் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இடத்தை உணர்த்தும் உயிரணுக்களைக் கண்டறிந்ததாக அறிவித்தார். இவ்வகை ஆய்வுகளுக்காக அவருக்கும் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருக்கும் 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2007-இல் ஆடம் ஜான்சன், டேவிட் ரெடிஷ் ஆகிய இருவரும், கிளைவழியில் தயங்கும் எலியின் ஹிப்போகாம்பஸில் முதலில் ஒருவழியின் இடங்களும் பின்னர் மறுவழியின் இடங்களும் அடுத்தடுத்துச் செயலூக்கம் பெறுவதைக் காட்டினர். எலியின் உடல் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் மூளை இருவழிகளிலும் முன்சென்று மீண்டது. வழி பழகிவிட்ட பின்னர் இத்தயக்கம் குறைந்துவிடுகிறது என்பதும் குறிக்கத்தக்கது.

மாந்தரிடத்தில் இவ்வாற்றல் கடந்தகால நினைவோடு பிணைந்துள்ளது. விபத்தொன்றில் மூளைக் காயமுற்றுத் தன் வாழ்வின் நிகழ்ச்சிகளை நினைவுகூர இயலாத ஒருவரைப் பற்றி எண்டெல் டல்விங் 1985-இல் எழுதினார். நாளை என்ன செய்வீர்கள் என்ற வினாவுக்கும் அவரால் விடை கூற இயலவில்லை. நேற்றைத் தேடினாலும் நாளையைத் தேடினாலும் அவர் மனத்தில் ஒரே வெறுமைதான் இருந்தது. 2007-இல் டெமிஸ் ஹசாபிஸ் குழுவினர், ஹிப்போகாம்பஸ் பாதிப்புற்றோர் புதியதொரு காட்சியைக் கற்பனை செய்ய முயலும்போது அது ஒருங்கிணையாத துண்டுகளாகவே அமைவதைக் கண்டனர். நினைவின் பயன் கடந்ததைச் சேமிப்பது மட்டுமன்று. வருவதைக் கட்டமைக்கும் மூலப்பொருளைத் தருவதும் ஆகும் என்பது இவற்றால் பெறப்படுகிறது.

ஒத்திகையும் உணர்வும்

இங்கு ஒரு தடை எழுகிறது. சதுரங்கம் ஆடும் கணினியும் அடுத்தடுத்த நகர்வுகளை முன்கூட்டியே ஆராய்கிறது. அதற்கு நனவு உண்டு என்று நாம் கூறுவதில்லை. ஆகவே ஒத்திகை மட்டுமே நனவாகாது. ஒத்திகைக்கு மேலும் ஒன்று தேவைப்படுகிறது.

அவ்வொன்று யாது என்பதற்கு அன்டோனியோ டமாசியோவின் ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. நெற்றிப்புற மூளையின் கீழ்நடுப்பகுதி பாதிப்புற்ற சிலர், அறிவுத் தேர்வுகளில் குறையின்றி விடையளித்தனர். ஒரு செயலின் விளைவுகளையும் சரியாக எடுத்துரைத்தனர். ஆயினும் தம் சொந்த வாழ்வில் கேடு பயக்கும் முடிவுகளையே மீண்டும் மீண்டும் எடுத்தனர். சீட்டுக்கட்டுகளைக் கொண்டு அவர் குழுவினர் செய்த சோதனையில், நலமுடையோர் நட்டம் தரும் கட்டை நோக்கிக் கை நீட்டும்போதே அவர்களின் தோலில் வியர்வைசார் மாற்றம் தோன்றியது. பாதிப்புற்றோரிடம் அம்மாற்றம் தோன்றவில்லை. அவர்கள் வருவதை அறிந்தனர். ஆனால் அது அவர்களுக்கு வலிக்கவில்லை. எனவே ஒத்திகை பயன்தர வேண்டுமாயின், வருங்காலத் துன்பம் நிகழ்காலத்தில் ஒரு சிறிதேனும் உடலில் உணரப்பட வேண்டும் என்பது தெளிவாகிறது. இக்கருத்தே பின்வரும் பாடல்களை நோக்குதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ் மரபில் மனமும் எதிர்நோக்கும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கிறது. தொடுவுணர்வு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஐந்தும் புறத்தே உள்ளதை அறிவன. ஆறாவதாக மனம் வைக்கப்படுகிறது. ஐம்பொறிகளும் எதிரே இருப்பதை மட்டுமே அறியும். எதிரே இல்லாததை அறியும் வாயில் மனம் ஒன்றே. இதனால் மனத்தைப் பொறிகளின் வரிசையில் ஆறாவதாக வைத்த அமைப்பு பொருள் பொதிந்ததாகிறது. ஒருசார் விலங்குகளும் இவ்வறிவுடையன என்று கொள்ளும் உரைமரபும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம், அறிவைக் கேடு வாராமல் காக்கும் கருவி என்று வரையறுத்துத் தொடங்குகிறது (421). அதே அதிகாரம் பின்னர், அறிவுடையார் ஆகப்போவதை முன்னரே அறிவர் என்றும் (427), வருவதை எதிர்நோக்கிக் காத்துக்கொள்வார்க்கு நடுங்கவைக்கும் துன்பம் இல்லை என்றும் (429) கூறுகிறது. காக்கும் கருவி என்னும் வரையறையும் எதிர்நோக்கு என்னும் செயலும் ஓர் அதிகாரத்துள் சேர்ந்து நிற்பது, அறிவின் பயனை உயிர்க்காப்போடு இணைத்து நோக்கிய பார்வைக்குச் சான்றாகும்.

இரு ஒத்திகைகளின் மோதல்: அகநானூறு 3

எயினந்தை மகனார் இளங்கீரனார் பாடிய இப்பாடல், முன்பொருமுறை பொருள்தேடிப் பிரிந்து மீண்ட தலைவன், மீண்டும் பொருள் விரும்பிய நெஞ்சுக்குச் சொல்வதாக அமைகிறது. முதலையின் முதுகுத்தோல் போன்ற பட்டையுடைய ஓமை மரத்தின் கிளை. அங்குக் கூட்டில் இருக்கும் பெடைக்கு இரைதேடிப் பறக்கும் செஞ்செவி எருவை. மரையாவைக் கொன்று குருதி குடித்தபின் புலி விட்டுச்சென்ற ஊன். அதனைக் கொள்ளையர் போலக் கவரும் அப்பறவை என்று சுரம் நுணுக்கமாகக் காட்டப்படுகிறது.

இக்காட்சி அச்சம் தருவது; ஆனால் தலைவனைத் தடுப்பது இக்காட்சி அன்று. இவ்வளவு கொடிய வழியையும் எளிதில் கடந்துவிடலாம் என்று நெஞ்சு அவனுக்குக் காட்டி, பின்னிருந்து தள்ளுகிறது. நெஞ்சு செய்வதும் ஓர் ஒத்திகையே. தலைவன் அதற்கு எதிராக மற்றோர் ஒத்திகையை வைக்கிறான். நெடுந்தொலைவில், கடத்தற்கரிய வழியின் நடுவே, தலைவியின் பார்வை வந்து குறுக்கிட்டு மறிக்கும் அந்நாளில், நெஞ்சே, உன் சொல் எவ்வாறு என் துயரைக் களையும் என்று வினவுகிறான். நெஞ்சின் சொல்லை மெய்போலத் தோன்றும் பொய் என்றே அவன் சுட்டுகிறான்.

இதில் இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஒத்திகை தன்னளவில் நம்பத்தக்கதன்று. விருப்பம் அமைக்கும் ஒத்திகை மெய்யின் தோற்றத்தோடு வந்து ஏமாற்றவும் கூடும். அதனைத் திருத்துவது முன்னர்ப் பட்ட நினைவே. முன்னொருமுறை பிரிந்து சென்றவன் என்னும் சூழல் இங்கு இன்றியமையாதது. டல்விங் காட்டியவாறு, பட்ட நேற்றே வரும் நாளைக்கு உருக்கொடுக்கிறது. இரண்டாவது, வழி பழகிய எலியின் தயக்கம் குறைகிறது. வழி பழகிய தலைவனின் தயக்கமோ கூடுகிறது. எலி ஒத்திகை பார்ப்பது இரை இருக்கும் இடத்தை. தலைவன் ஒத்திகை பார்ப்பது தன் வருந்தும் நிலையை. வழி பழகும், வருத்தம் பழகுவதில்லை.

கிளைவழியில் நின்று தூக்குதல்: நற்றிணை 16

சிறைக்குடி ஆந்தையார் பாடிய இப்பாடல் ஒரு கிளைவழியின் அமைப்பையே கொண்டுள்ளது. தலைவியோடு கூடியிருந்தால் பொருள் வாராது. பொருளுக்காகப் பிரிந்தால் கூடல் வாராது என இருவழிகளும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. செல்வதும் செல்லாமையும் உன் பொறுப்பு என்று தலைவன் நெஞ்சிடம் கூறுகிறான். பின்னர் இருவழிகளின் முடிவையும் கண்டு எடைபோடுகிறான். பொருளோ பொய்கை நடுவே ஓடும் மீனின் வழித்தடம் போல மறைந்துவிடும். கடல்சூழ் உலகையே அளவைக் கருவியாகக் கொண்டு ஏழுமுறை அளந்த பெருநிதி கிடைப்பினும், தலைவியின் இனிய நோக்கத்தின்முன் அதனை வேண்டேன் என்று முடிக்கிறான்.

சுரத்தின் ஏதம் பற்றி இப்பாடலில் ஒரு சொல்லும் இல்லை. ஏதமே இல்லாத, மிகச் சிறந்த வெற்றியையே தலைவன் ஒத்திகையில் காண்கிறான். வெற்றியை முழுமையாகக் கண்ட பின்னரும் அது அவனை ஈர்க்கவில்லை. செலவழுங்கலுக்கு உயிரச்சம் காரணமன்று என்னும் கருத்தை இப்பாடல் வலுவாக நிறுவுகிறது.

பிறர் துன்பத்தை உணர்தல்: அகநானூறு 5

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் இப்பாடலில் ஒத்திகை இரட்டிக்கிறது. தலைவன் வாய்திறந்து சொல்லும் முன்னரே தலைவி அவன் எண்ணத்தை உய்த்துணர்ந்துவிடுகிறாள். வெறுமுறுவலோடு அருகில் வருகிறாள். கண்ணீர் கண்மணியை மறைக்கிறது. மார்பில் அணைத்த புதல்வனின் தலைமாலையை மோந்து அவள் விடும் பெருமூச்சில் மலர் நிறம் இழக்கிறது. அதனைக் கண்ட அளவிலேயே செலவைக் கைவிட்டதாகத் தலைவன் கூறுகிறான். நாம் அருகில் இருக்கும்போதே இவ்வாறு வருந்துபவள், பிரிவோம் எனின் பிழைக்கமாட்டாள் என்பது அவன் உய்த்துணர்வு.

காணப்பட்டது ஒரு பெருமூச்சு. காணப்படாதது ஓர் இறப்பு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் தாவலே இங்கு ஒத்திகை. மேலும், பிழைத்தல் என்னும் கருத்து பாடலிலேயே இடம்பெறுகிறது. ஆனால் பிழைக்கவேண்டியவர் ஒத்திகை பார்ப்பவர் அல்லர், மற்றொருவர். உயிரியல் நோக்கில் ஒத்திகையின் பயன் அதைச் செய்யும் உடலைக் காப்பது என்று கூறப்படுகிறது. கூடிவாழும் உயிராகிய மனிதனிடத்தில் அப்பயன் தன் உடலின் எல்லையைக் கடந்து விரிகிறது என்பதற்கு இப்பாடல் சான்று.

நெஞ்சும் அறிவும் உடம்பும்: நற்றிணை 284

இது செலவழுங்கல் பாடலன்று. வினைமேற் சென்ற தலைவன், வினை முடியாத நிலையில் கூறுவது. தலைவியிடம் மீள்வோம் என்கிறது நெஞ்சு. எடுத்த வினையை முடிக்காமல் விடுவது அறியாமையும் இழிவும் தரும் என்று தடுக்கிறது அறிவு. இருபுறமும் யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல இவற்றின் நடுவே அழிவது உடம்பு. இவ்வுவமையாலேயே புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் பெற்றார்.

ஒத்திகை எப்போதும் நன்மையே தரும் என்னும் எண்ணத்தை இப்பாடல் மறுக்கிறது. ஒன்றுக்கொன்று நிகரான இரு வருங்காலங்கள் ஒரே நேரத்தில் உணரப்படும்போது, முடிவு பிறப்பதற்குப் பதிலாக உடல் தேய்கிறது. எதிர்நோக்கும் ஆற்றலுக்கு மனிதன் தரும் விலை இது.

இலக்கண விதியும் பாடல்களும்

தொல்காப்பியக் கற்பியல், செலவழுங்கல் என்பது செல்லாமை அன்று, தலைவியை வற்புறுத்தித் தேற்றும்பொருட்டு மேற்கொள்ளும் தவிர்ச்சியே என்று கூறுகிறது. நற்றிணை 16-இல் தலைவன் பொருளையே வேண்டேன் என்று கூறுவதோடு இவ்விதி முரண்படுவதுபோல் தோன்றும். இம்முரணை இவ்வாறு அமைதிப்படுத்தலாம். இலக்கணம் புறத்தே நின்று, வாழ்வின் முழு ஓட்டத்தில் அச்செயலின் இடத்தைக் கூறுகிறது. பாடல் அகத்தே நின்று, அந்த ஒரு பொழுதின் உணர்வைக் கூறுகிறது. ஒத்திகையின் பயன் செயலை என்றைக்கும் விலக்குவது அன்று. தூண்டலுக்கும் செயலுக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குவதே. அவ்விடைவெளியில்தான் தேற்றுதலும் திருத்துதலும் நிகழ முடியும். கற்பியல் விதி அவ்விடைவெளிக்கு ஒரு பெயரும் ஒரு பயனும் தந்துள்ளது எனலாம்.

ஆய்வின் வரம்புகள்

துறைக்குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தோராலும் பின்னோராலும் சேர்க்கப்பட்டவை. ஆதலின் இங்குப் பெறப்பட்ட கருத்துகள் இயன்றவரை பாடல்களின் உட்சான்றுகளைக் கொண்டே நிறுவப்பட்டுள்ளன. நெஞ்சொடு கிளத்தல் ஒரு புலனெறி வழக்கு. அதனைத் தனிமனிதர் ஒருவரின் உளப்பதிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், முடிவெடுத்தலைக் காட்ட அம்மரபு இவ்வடிவத்தைத் தேர்ந்துகொண்டது என்பதே பொருட்படுத்தத்தக்கது. உணர்வு எதற்குப் பயன்படுகிறது என்பதை விளக்குவது, அது ஏன் உணர்வாக இருக்கிறது என்பதை விளக்கியதாகாது. 1995-இல் டேவிட் சால்மர்ஸ் நனவின் கடினச் சிக்கல் என்று குறித்த அவ்வினா இப்பாடல்களால் தீர்வதன்று.

மற்றொன்றும் சுட்டத்தக்கது. செல்வதா தவிர்வதா என்னும் தெரிவு தலைவனுக்கு மட்டுமே உண்டு. தலைவியும் வருங்காலத்தைக் காண்கிறாள். ஆனால் அதனை மாற்றும் செயல் அவள் கையில் இல்லை. அகநானூறு 5-இல் அவள் செய்யக்கூடியது தன் துயரைப் புலப்படுத்துவது ஒன்றே. தெரிவற்றவரின் எதிர்நோக்கு துன்பமாக மட்டுமே எஞ்சுகிறது. தலைவி கூற்றுப் பாடல்களை இந்நோக்கில் தனியே ஆராய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. செலவழுங்கல் பாடல்களில் தலைவன் செய்வது, செயலை நிகழ்த்தாமலே அதன் விளைவை மனத்தில் நிகழ்த்திக் காணும் உள ஒத்திகை ஆகும்.

2. அவ்வொத்திகையில் சுரத்தின் ஏதம் முடிவை மாற்றுவதில்லை. நேராத துன்பம் இப்போதே உணரப்படுவதே மாற்றுகிறது. டமாசியோ முதலியோரின் ஆய்வுகளும் இதற்கு இயைகின்றன.

3. விருப்பம் அமைக்கும் ஒத்திகை பொய்க்கக்கூடும்; பட்ட நினைவு அதனைத் திருத்துகிறது (அகம். 3). நிகரான ஒத்திகைகள் மோதினால் உடல் தேய்கிறது (நற். 284).

4. ஒத்திகையின் காப்புப் பயன் தன் உயிரோடு நிற்பதில்லை; பிறர் உயிர்மேலும் செல்கிறது (அகம். 5).

வருவதை அறிதல் கணினிக்கும் இயலும். வருவதற்காக இப்போதே வருந்துதல் உயிருக்கே உரியது. அவ்வருத்தத்தைக் காதலின் மிகையாக மட்டும் கருதாமல், மனிதரை இதுகாறும் வாழவைத்துள்ள ஓர் அறிவாகவும் காண்பதற்குச் செலவழுங்கல் பாடல்கள் இடம் தருகின்றன.